கைக்குப் பழகிய இறுக்கம்

பைக்கின் ஆக்சிலேட்டர் ஒரே நாளில் இறுகுவதில்லை. மூட்டுவலி வருவதுபோலத்தான் அதுவும் வரும். முதலில் குளிர்ந்த காலை வேளையில் மட்டும் பிடி கொஞ்சம் கனமாகத் தெரியும். பிறகு, முறுக்கிய கையை விட்டால் உடனே திரும்பாமல் சற்றுத் தயங்கித் திரும்பும். அதன்பிறகு பாதியில் நின்றுவிடும். கையால் லேசாகத் தள்ளினால் மீதிக்கு வரும். இதற்கெல்லாம் ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதற்குள் ஓட்டுகிறவரின் கை அந்த இறுக்கத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டுவிடும். முறுக்கும் வேலையையும் திருப்பிவிடும் வேலையையும் கையே செய்யத் தொடங்கும். திருப்பிவிடுவது ஸ்பிரிங்கின் வேலை என்பதே மறந்துபோகும்.

ஒரத்தநாடு பக்கத்தில் மூன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு அப்படித்தான் மறந்துபோயிருந்தது. குறுவை, சம்பா, அறுவடைக்குப் பின் உளுந்து என்று ஓடும் குடும்பம். வாசலில் ஒரு 100 சி.சி. பைக். வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. விடியற்காலையில் பால் சொசைட்டிக்குப் போவது அதில்தான். நாற்றுக்கட்டு ஏற்றுவது, விசைத்தெளிப்பானைத் தூக்கிப்போவது, கடையிலிருந்து உரமூட்டை கொண்டுவருவது, மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு விடுவது எல்லாம் அதில்தான். ஒரு காலத்தில் ஒரு ஜோடி மாடும் ஒரு கட்டைவண்டியும் பார்த்த வேலையை இன்று டெல்டாவில் இந்த வண்டிகள்தான் பார்க்கின்றன. வித்தியாசம் ஒன்று உண்டு. மாடு ஒரு காலைத் தாங்கி நடந்தால் அன்று மாலையே லாடத்தைப் பார்க்காத விவசாயி கிடையாது. வண்டி நொண்டினால் அடுத்த சர்வீஸுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்.

சம்பா நடவு மும்முரமாக இருந்த ஒரு புரட்டாசி நாளில், அவருடைய மனைவியின் தம்பி வந்து வண்டியைக் கேட்டார். அவர் பவர் டில்லர் வைத்து வாடகைக்கு உழுகிறவர். டில்லரின் பெல்ட் அறுந்து, பாதி வயலில் மெஷின் நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் புது பெல்ட் வாங்கிவர வேண்டும். சாவி ஆணியில் தொங்கியது. "எடுத்துட்டுப் போ மாப்ள" என்பதோடு பேச்சு முடிந்தது. ஆக்சிலேட்டர் இறுகும் என்று சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அவருடைய கைக்கு அந்த இறுக்கம் ஒரு குறையாகவே தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாய்க்கால் கரைச் சாலை மதகு அருகே இடதுபக்கம் திரும்பும் இடத்தில் மைத்துனர் கையைத் தளர்த்தினார். வண்டி தளரவில்லை. பிரேக்கைப் பிடித்தார், இன்ஜின் இழுத்துக்கொண்டே இருந்தது. கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் முன்சக்கரம் ஈரக் களிமண்ணில் வழுக்கி, வண்டியும் ஆளும் கரையிலிருந்து யாரோ ஒருவருடைய நாற்றங்காலில் போய் விழுந்தார்கள். சேறு காப்பாற்றியது. அதே இடத்தில் வலதுபக்கம் விழுந்திருந்தால் மதகின் கருங்கல் சுவர். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. டில்லர்காரருக்கு வருடத்திலேயே அதிகமாக வேலை கிடைக்கிற ஆறு வாரம் அது.

"வண்டி நிக்கவே மாட்டேன்னுடுச்சு மச்சான்" என்று அவர் சொன்னதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் அன்று இரவு மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்க, அது இறுகுறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை.

இந்தக் கேள்விக்கான பதில் ஆக்சிலேட்டர் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. சைக்கிள் பிரேக் ஒயரைப் பார்த்த எவருக்கும் இது எளிதில் புரியும். கறுப்பு உறைக்குள் பல மெல்லிய எஃகு இழைகள் முறுக்கிய ஒரு கம்பி ஓடுகிறது. அதன் ஒரு முனை கைப்பிடியில், மறுமுனை கார்புரேட்டருக்குள். பிடியை முறுக்கினால் கம்பி இழுபட்டு, கார்புரேட்டருக்குள் அடைப்பான்போல நிற்கும் ஒரு உருளைத் துண்டைத் தூக்குகிறது. மெக்கானிக்குகள் அதை சிலைடு என்பார்கள். சிலைடு உயர்ந்தால் காற்றும் பெட்ரோலும் அதிகம் போகும், வேகம் கூடும். கம்பியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ஆகவே கையை விட்டதும் சிலைடைக் கீழே தள்ளி, கம்பியையும் பிடியையும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது சிலைடின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய ஸ்பிரிங் மட்டுமே. பெரிய வண்டிகள் சிலவற்றில் இழுக்க ஒரு கேபிள், திருப்ப ஒரு கேபிள் என்று இரண்டு இருக்கும். கிராமத்தில் ஓடும் 100 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் ஒன்றுதான்.

இப்போது உறைக்குள் துரு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முறுக்கும்போது எதிர்ப்பது மண்வெட்டி பிடித்த ஒரு விவசாயியின் கை. அந்தக் கைக்குத் துருவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. திரும்பும்போது அதே துருவை எதிர்ப்பது சுண்டுவிரல் கனமுள்ள ஸ்பிரிங். எனவே கோளாறு முதலில் தோற்கடிப்பது திரும்பும் வேலையை. ஓட்டுகிறவருக்குத் தெரிவதோ முறுக்கும் வேலை மட்டும். பழகிய கை ஸ்பிரிங்குக்கு உதவி செய்து வண்டியைச் சமாளித்துவிடும். பழகாத கை, விட்டால் திரும்பிவிடும் என்று நம்பும். இரவல் வாங்கியவர்களும் புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேற்றிலிருந்து எடுத்த வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால் நடவு நேரத்தில் இரண்டு நாள் போகும். அதுவரை பால் எடுத்துப்போக வழியில்லை. முன்பு ஒருமுறை கடையில் காட்டியபோது மேல்முனையில் நான்கு சொட்டு ஆயில் விட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. கழற்றிப் பாருங்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. இந்த முறை அவர் வீட்டிலேயே கழற்றிப் பார்க்க முடிவு செய்தார். 8, 10 நம்பர் ஸ்பேனர், நட்சத்திரத் திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், பழைய பருத்தித் துணி. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒவ்வொரு திருகாணியும் கழலுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கழன்றதை எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்தாள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் மாலையில் பூட்டியிருக்கவே முடியாது என்று அவர் இன்றும் சொல்கிறார். வேலையை வைக்கோல்போருக்கும் அடுப்புக்கும் தள்ளி, வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டார்கள். பெட்ரோல் குழாயை அடைத்து, சாவியை எடுத்தாயிற்று. கார்புரேட்டரில் கை வைக்கிற நாளில் பக்கத்தில் பீடி கூடாது.

ஆக்சிலேட்டர் மாட்டினால் ஊரில் எல்லோரும் கார்புரேட்டர்மேல்தான் பழியைப் போடுவார்கள். அங்கே ஆரம்பிப்பது தேவையில்லாத வேலை. எங்கே பிடிக்கிறது என்பதைக் கழற்றாமலே பாதி கண்டுபிடித்துவிடலாம். இன்ஜின் அணைந்திருக்க, ஹேண்டிலை நேராக வைத்து, பிடியை முழுக்க முறுக்கி விடவேண்டும். நல்ல வண்டியில் அது டக்கென்ற சத்தத்தோடு திரும்பும். பிறகு ஹேண்டிலை இடது கடைசிவரை திருப்பி ஒருமுறை, வலது கடைசிவரை திருப்பி ஒருமுறை. அவருடைய வண்டியில் நேராக இருந்தபோது மெதுவாகத் திரும்பியது. இடதுபக்கம் திருப்பியபோது பாதியிலேயே நின்றது. ஹேண்டிலைத் திருப்பினால் இறுக்கம் மாறுகிறது என்றால் கேபிள் போகும் பாதையில் ஏதோ அதை நெருக்குகிறது என்று அர்த்தம். பார்த்தால், போன வருடம் ஹாரன் ஒயரை மாற்றியபோது அதையும் ஆக்சிலேட்டர் கேபிளையும் சேர்த்து யாரோ ஒரு பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதை வெட்டியதும் பாதி வித்தியாசம் தெரிந்தது. பாதிதான்.

அடுத்து, கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகிக் கழற்றினார். மூடியோடு ஸ்பிரிங்கும் சிலைடும் ஊசியும் வெளியே வரும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து, கம்பியின் ஈயக் குண்டை சிலைடிலிருந்து விடுவித்தாயிற்று. இப்போது பிடியை முறுக்கினால், கார்புரேட்டருக்குச் சம்பந்தமே இல்லாமல் கேபிளும் பிடியும் மட்டும் ஆடுகின்றன. அப்போதும் கனமாகவே இருந்தது. அதாவது குற்றவாளி மேலேதான் இருக்கிறது. பிறகு வலதுபக்க ஸ்விட்ச் பெட்டியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, மேல்முனையையும் பிடியிலிருந்து எடுத்தார். இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனால் பிடி, கேபிள், சிலைடு மூன்றில் எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. அவருடைய வண்டியில் முதல் இரண்டுமே கெட்டிருந்தன.

பிடியை உருவியபோது ஹேண்டில் குழாயின்மேல் துருவும், அதன்மேல் வெளிறிய பொருக்கும் படிந்திருந்தது. அது வெறும் அழுக்கு இல்லை, உரம். மேலுரம் இடும் நாளில் யூரியாவையும் பொட்டாஷையும் கையால் கலந்து விசிறிவிட்டு, வரப்பில் ஏறி, அதே ஈரக் கையோடு வண்டியைப் பிடிக்காதவர் யார்? பொட்டாஷ் என்று கடையில் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு; சமையல் உப்புக்கு உடன்பிறப்பு. உப்புக்காற்று அடிக்கும் வேதாரண்யத்தில் ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகிறதோ அதுதான் இங்கேயும் ஆகிறது. யூரியா காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து பிடிக்கும் குழாய்க்கும் நடுவில் உட்கார்ந்தால், கார்த்திகை மழை முடியுமுன் துரு கிளம்பிவிடும்.

மயில்துத்தம் இன்னும் மோசம். வெற்றிலைக் கொடிக்காலுக்கோ எலுமிச்சைக்கோ போர்டோ கலவை தயாரிப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். மயில்துத்தக் கரைசலை இரும்புப் பாத்திரத்தில் வைக்கக்கூடாது என்பார்கள். கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கத்தியை அப்படிச் செய்வது கேபிளின் மெல்லிய இழைகளை விட்டுவைக்காது. தெளித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது உடம்புக்காகச் சொல்லப்படும் புத்தி. வண்டிக்கும் அதுவே பொருந்தும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. உரமூட்டையை பெட்ரோல் டேங்கின்மேல் முன்னால் போட்டு, அதை அணைத்தபடி ஓட்டிவருவது. டேங்குக்கு முன்னால்தான் கேபிள்கள் எல்லாம் வளைந்து உள்ளே போகின்றன. 45 கிலோ யூரியா மூட்டை அந்த வளைவின்மேல் உட்கார்ந்தால் உறை நசுங்கும். நசுங்கிய இடத்தில் கம்பி உரசும். ஓட்டை விழுந்த மூட்டையாக இருந்தால் உரம் நேராக கேபிளின் வழியே இறங்கும். மூட்டையைப் பின்னால் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

குழாயை உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்து, துணியால் துடைத்து, விரல்நுனி அளவு கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினார். அதற்கு மேல் போடக்கூடாது. அப்பிய கிரீஸில் அறுவடைக் காலத் தூசியும் பதரும் ஒட்டி, கொஞ்ச நாளில் உப்புத்தாள் மாதிரியே ஆகிவிடும். ரப்பர் பிடியின் விளிம்பு ஸ்விட்ச் பெட்டியில் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புது ரப்பரை ஆர்வத்தில் அதிகம் உள்ளே தள்ளிவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஆக்சிலேட்டர் மாட்டும். அழகுக்காக மேலே போடும் ரெக்ஸின் உறைகளும் இந்த வேலையைச் செய்யும்.

கேபிளில்தான் அன்றைய உண்மையான அதிர்ச்சி இருந்தது. பிடிக்குள் குண்டு மாட்டும் இடத்தில், இழைகளில் இரண்டு அறுந்து மீசைபோல விரிந்து நின்றன. முறுக்கும்போது அந்த மீசை உறைக்கு வெளியே வரும். திரும்பும்போது உறையின் வாயில் குத்தி நிற்கும். முள்ளை உருவும்போது மாட்டுவதுபோல. மதகு வளைவில் நடந்தது அதுதான். அறுந்த இழையைக் கத்தரித்துவிட்டு ஆயில் விட்டால் வண்டி நன்றாகவே ஓடும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அவருக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் இரண்டு இழை அறுந்த கம்பியில் மூன்றாவது அறுந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். இழை அறுந்தால், உறை நசுங்கினால், உறையை எலி கடித்திருந்தால் ரிப்பேர் கிடையாது, புது கேபிள்தான். அதன் விலை கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியாவின் விலைக்குள் அடங்கிவிடும். பழைய கேபிளைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், நீளத்தையும் இரண்டு முனைக் குண்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவது நல்லது. ஒரு விரற்கடை குட்டையாக இருந்தாலும் ஹேண்டிலைத் திருப்பும்போது வண்டி தானாகச் சீறும்.

இழைகள் முழுசாக இருந்து, உள்ளே மட்டும் காய்ந்திருந்தால் ஆயில் போதும். அன்று இரவே அவர் கிளட்ச் கேபிளுக்கு அதைச் செய்தார். கேபிளைத் தனியாகக் கழற்றி, ஆணியில் நெட்டுக்குத்தாகத் தொங்கவிட வேண்டும். ஒரு சிறு பாலித்தீன் உறையின் மூலையில் துளையிட்டு, கேபிளின் மேல்முனையில் செருகி, இன்சுலேஷன் டேப்பால் சுற்றினால் புனல் தயார். அதில் தையல் மெஷின் ஆயில் ஒரு ஸ்பூன். கம்பியை மேலும் கீழும் மெதுவாக அசைத்துக் கொடுத்து அப்படியே விட்டுவிடலாம். கீழ்முனையில் முதலில் சிவந்த துருத் தண்ணீர் வரும். பிறகு கறுப்பு. சுத்தமான ஆயில் சொட்டும்வரை விட வேண்டும். அவருக்குக் காலை வரை ஆயிற்று.

எந்த எண்ணெய் என்பதில் வீட்டில் வாக்குவாதம் வரும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துபோகும். எந்தக் குளிரில் வண்டி சுலபமாக ஓடவேண்டுமோ அந்தக் குளிரில் அது காலை வாரும். விளக்கெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலில் கரியும் இரும்புத் துகளும் இருக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் அழுக்கைக் கரைக்கும், ஆனால் அதோடு நிறுத்தினால் கம்பி வறண்டு இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். சில புதிய கேபிள்களில் உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அவற்றில் கெட்டியான ஆயிலோ கிரீஸோ போட்டால் கெடுதல்தான்.

தண்ணீர் உள்ளே போகும் வழியையும் சொல்ல வேண்டும். படித்துறையில் வண்டியை இறக்கிக் கழுவும்போதும், மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போதும் கேபிளின் மேல்முனை ரப்பர் மூடி கிழிந்திருந்தால் தண்ணீர் அதற்குள் இறங்கும். கேபிள் வளைந்து தாழ்ந்திருக்கும் இடத்தில் அது தங்கிவிடும். மழையைவிட இதுதான் கேபிளுக்கு அதிகம் கேடு செய்கிறது. மூடி ஒன்றின் விலை ஒரு டீக்கும் பெறாது.

சிலைடை அவர் கையிலெடுத்தபோது அதில் பிசின்போலப் பழுப்பாக ஒட்டியிருந்தது. நாளாக நாளாகப் பெட்ரோல் விடும் கசடு. கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றித் துணியால் துடைத்தாலே போய்விடும். உப்புத்தாள் இங்கே ஆகவே ஆகாது. அந்த உருளையும் அது ஏறி இறங்கும் துளையும் மயிரிழைக் கணக்கில் பொருந்தியவை. ஒரு கோடு விழுந்தால் அந்தக் கோட்டிலேயே மாட்டும். ஏற்கெனவே ஆழமான கோடு விழுந்திருந்தால் வீட்டு வேலை அங்கே முடிகிறது, மெக்கானிக்கிடம் போய்விட வேண்டும். திரும்பப் போடும்போது சிலைடின் பக்கத்திலுள்ள நீண்ட பள்ளம், கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு முளையில் உட்கார வேண்டும். வெட்டு உள்ள பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்கும். திருப்பிப் போட்டுவிட்டு மூடியை அழுத்தித் திருகினால் சிலைடு மேலேயே நின்றுவிடும். ஸ்டார்ட் செய்த நொடியில் இன்ஜின் அலறும். சரியாக உட்கார்ந்ததா என்று அறிய, மூடியைப் பூட்டியதும் பிடியை முறுக்கி விட்டால், உள்ளே சிலைடு அடித்தளத்தில் மோதும் சத்தம் கேட்கும்.

புது கேபிளைப் பழைய பாதையிலேயே, எதையும் சேர்த்துக் கட்டாமல் கொண்டுபோனார்கள். மகள் எடுத்த முதல் படம் இங்கேதான் உதவியது. கடைசியில் தளர்ச்சி. பிடியை முறுக்கினால் முதலில் கொஞ்சம் சும்மா சுற்றி, அதற்குப் பிறகுதான் கம்பி இழுபட வேண்டும். அந்தச் சும்மா சுற்று, பிடியின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர். அளவுகோல் இல்லாவிட்டால் நெல் இருக்கிறது: நெல்மணியின் அகலத்துக்குக் குறையக்கூடாது, நீளத்தை எட்டக்கூடாது. கேபிளிலுள்ள திருகு நட்டைத் திருப்பி இதைச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்கிவிட வேண்டும்.

பிறகு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பினார். இன்ஜின் சத்தம் எந்த இடத்திலும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பாதை தவறு, அல்லது தளர்ச்சி போதாது. அப்படியே தெருவுக்கு எடுத்துப்போவது தற்கொலை. முதல் ஓட்டம் ஆளில்லாத களத்துமேட்டில்தான்.

ஓடும்போது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் செய்யவேண்டியதை வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் சொல்லி வைக்கலாம். கிளட்ச் உள்ள வண்டியில் முதலில் கிளட்ச். அதைப் பிடித்த கணமே சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. இன்ஜின் காட்டுக்கத்தல் கத்தும், கத்தட்டும். பிறகு இரண்டு பிரேக்கும் சேர்த்து. பிறகு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது, இல்லாவிட்டால் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி அணைக்க வேண்டும். கிளட்ச் பிடி இல்லாத மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் அணைப்பதுதான் முதல் வேலை, பிரேக்கும் உடனே. சுலபமாகத் தோன்றுகிறது. பதற்றத்தில் கை இருக்கிற பிடியையே இன்னும் இறுக்கிப் பிடிக்கும் என்பதால், நிற்கும் வண்டியில் இரண்டு மூன்று முறை செய்து பழகியிருந்தால்தான் கைக்கு வரும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு இருக்கிறது. அவற்றிலும் கேபிளும் பிடியும் இதேபோலத்தான், அந்தப் பகுதியை வீட்டில் பார்க்கலாம். கீழே உள்ள பாகத்தைக் கழற்றுவதோ, அதன் திருகாணிகளைத் திருப்பிப் பார்ப்பதோ வேண்டாம்.

மைத்துனருக்குக் கார்த்திகை முதல் வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இடையில் டில்லரை ஓட்ட ஆள் வைத்த கூலியில் பாதியை விவசாயி கொண்டுபோய்க் கொடுத்தார். "என்ன மச்சான் இது" என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். மாமியார் வாங்கி முடிந்துகொண்டார். இப்போது யார் வண்டி கேட்டாலும் சாவியோடு சேர்த்து வண்டியின் குறைகளையும் அவர் ஒப்பித்துவிடுகிறார். ஹாரன் மழையில் அடிக்காது, பின்பிரேக் கொஞ்சம் ஆழத்தில் பிடிக்கும், ஸ்டாண்ட் சரிவில் நிற்காது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னார்: "அப்போ அந்தப் பிரேக்கையும் கழட்டுங்க."